சங்கு ஊதுனா மீன் வறுவல்

ஒக்காருங்க சார். அந்த ஸ்டூலு ஆடும், இந்தச் சேருல ஒக்காருங்க. நீங்கதானுங்களே புதுசா வந்திருக்கற இஞ்சினியரு? ஆறுச்சாமி காத்தாலயே சொல்லிப்போட்டான். ஆறுச்சாமின்னா உங்க லஸ்கருங்க. ஷட்டரத் தூக்கறது, எறக்கறது, சங்கு ஊதறது எல்லாம் அவன் சோலிதான். இந்த நொச்சிப்பள்ளம் அணைக்கு எந்த அதிகாரி வந்தாலும் மொதல்ல ஆறுச்சாமியப் பாக்கோணும், அப்பறம் இந்தத் துளசிமணியப் பாக்கோணும். அதுக்கும் மேல நேரமிருந்தா அணையப் பாப்பாங்க. செல பேரு அதும் பாக்காமப் போயிருக்கறாங்க.

மீனச் சாப்டுங்க. அட, லஞ்சமெல்லாம் இல்லீங்க. லஞ்சம் வாங்கறவங்களுக்கு நான் பெரிய கட்லாவா வெப்பேன், இது சின்ன ஜிலேபிக் கெண்டை. முள்ளப் பாத்துத் தின்னுங்க. நாயம் பேசிக்கிட்டே தின்னா முள்ளு தொண்டையில ஏறிரும், அதனால நான் பேசறேன், நீங்க தின்னுங்க.

சுத்தி வளைக்காமச் சொல்லிப்போடறேன். எனக்கு உங்களால ரெண்டு காரியம் ஆகோணும். முன்ன மாதிரி பகல் ஒரு மணிச் சங்கு ஊதோணும். என்ற கடை முன்ன மாதிரி கீழ ஆத்துப் பாறைக்குப் போகோணும். இந்த ரெண்டையும் உங்களுக்கு முன்ன இஞ்சினியரா இருந்த புள்ள கெடுத்துவிட்டுப் போயிட்டா. ஜெசிந்தான்னு பேரு, நாகர்கோயிலுப் பக்கம். பாத்தா காலேசு புள்ள மாதிரி இருப்பா. வாயத் தொறந்தா அந்த ஊருப் பேச்சு, பாதி எங்களுக்குப் புரியாது. புரிஞ்ச பாதியும் நல்லதா இருக்காது.

இந்த அணை எதுக்குக் கட்டுனதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே. மலையில மழை பேஞ்சா வெள்ளம் வந்து டவுன அடிச்சுக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு கட்டுனது. சரி, நல்ல விசயம். ஆனா வெள்ளம் என்ன, தெனமுமா வருது? வருசத்துல முக்காவாசி நாளு அணை சும்மாதான் நிக்கும். அத்தாம் பெருசாக் கட்டி சும்மா நிறுத்தி வெக்கறதுக்கு ஒரு உபயோகம் வேண்டாமுங்களா? நாங்கதான் கண்டுபுடிச்சோம். மேல பூங்கா, சிமெண்டு முதலை, அது வாயில பூந்து வாலு வழியாச் சறுக்கி வரலாம். பெடல் படகு, பரிசலு எல்லாம் உண்டு. கீழ ஷட்டருக்கு முன்னால ஆத்துல முட்டியளவு தண்ணி, பச்சையா, சில்லுனு இருக்கும். அங்க குளிக்கறதுக்குத்தான் ஞாயித்துக்கெழமை ஆனா மில்லு சனம் முச்சூடும் இங்க வந்து எறங்கும்.

ஆத்துக்கு நடுவுல ஒரு பெரிய பாறை இருக்குது பாருங்க, யானப்பாறைங்கறது. அதும் மேலதான் என்ற கடை இருந்துச்சு. தார்ப்பாயி, அடுப்பு, பெஞ்சு, பாட்டுப் போடறதுக்கு ஒரு மைக்செட்டு. குளிச்சுப்போட்டு ஈரத்தோட வந்து ஒக்காந்து, கால ஓடற தண்ணியில தொங்கப்போட்டுக்கிட்டு சுடச்சுட மீன் வறுவல் திங்கறதுக்கு ஒரு குடுப்பினை வேணுமுங்க. அங்க உங்க ஆபீசுல ஒரு போர்டு நட்டு வெச்சிருந்தாங்க. 'ஆபத்து, தண்ணீர் திறக்கப்படும் பகுதி'ன்னு எழுதி, மண்டையோடு வேற போட்டிருந்துச்சு. கொழந்தைங்க அதப் பாத்து அழுவுதுங்க. நான் அதும் மேல தார்ப்பாயக் கட்டி, அதுல மீன் படம் வரஞ்சு வெச்சேன். கம்பம் நல்ல கம்பம், கவுருமெண்டுக் கம்பம், ஆடவே ஆடாது.

சங்குக்கு வாறேன். தண்ணி தொறக்கறதுக்கு முன்னால மூணு தடவ அபாயச் சங்கு ஊதோணும்கறது உங்க சட்டம். சங்கு வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு அப்பப்ப ஊதிப் பாக்கறதும் உண்டு. ஆரம்பத்துல ஆறுச்சாமி நெனச்ச நேரத்துக்கு ஊதித் தொலைப்பான். சனம் பயந்துக்கிட்டு பாதி மீன வட்டல்ல போட்டுட்டு ஓடுமுங்க. ஓடற ஓட்டத்துல காசு குடுக்கறதுக்கு ஆருக்கு ஞாபகம் வரும்? ஒரு நாளு அவனப் புடிச்சு, "ஏன்டா, ஊதறதுதான் ஊதற, ஒரு நேரங்காலத்தோட ஊதுனா என்ன? ஒரு மணிக்கு ஊது, சனத்துக்குச் சோத்து நேரமாவது தெரியும்"னேன். அவனுக்கும் அது நல்ல ரோசனையாப் பட்டுச்சு. அன்னியிலிருந்து தெனம் ஒரு மணிக்கு டெஸ்டுச் சங்கு. அவனுக்கு தெனம் ரெண்டு துண்டு மீனு.

அது எப்படிப் புடிச்சுக்கிச்சுன்னு கேக்கறீங்களா? இங்க வாரதெல்லாம் மில்லு சனமுங்க. அவங்களுக்கு மில்லுச் சங்குதான் எல்லாமும். சங்கு ஊதுனா வேலை, சங்கு ஊதுனா சோறு. ஆத்தா வயித்துல இருக்கறப்பவே அதக் கேட்டு வளந்தவங்க. இங்கயும் ஒரு மணிக்குச் சங்கு ஊதுனதும் தானா வயிறு பசிச்சுரும். நானும் உடனே மைக்கப் புடிச்சு, "சங்கு ஊதியாச்சு, மீன் வறுவல் ரெடி, அல்லாரும் பாறைக்கு வாங்க"ன்னு ஒரு குரலு குடுப்பேன். பூங்காவுல இருக்கறவன், முதலை வாயில இருக்கறவன், படகுல இருக்கறவன், அல்லாரும் ஒட்டுக்கா படியில எறங்கி ஆத்துக்குள்ள வந்துருவான். எத்தன வருசம் அப்படி நடந்துச்சு. ஒருத்தனுக்கு ஒரு கீறல் உண்டா?

நெசமாத் தண்ணி தொறக்கறப்ப என்ன பண்ணுவீங்கன்னு கேப்பீங்க. அந்தப் புள்ளையும் இதையேதான் கேட்டா. நாங்க என்ன கேனைங்களா? ஆறுச்சாமி எனக்குப் போன் போட்டுருவான். "அக்கா, தொறக்கறோம்"பான். நான் வட்டலெல்லாம் எடுத்துக்கிட்டு, காச வாங்கிக்கிட்டு, அலுங்காமக் குலுங்காம அல்லாரையும் மேல ஏத்திருவேன். சர்க்காருக்கு சங்கு, எங்களுக்குப் போனு. இதுல என்ன கோளாறு? முன்ன இருந்த இஞ்சினியருங்க ஆராவது ஒரு வார்த்த கேட்டிருப்பாங்களா? அந்தப் புள்ளைக்கு முன்ன இருந்தவரு தங்கமான மனுசன், ஆபீசுப் பக்கமே வர மாட்டாரு.

இந்தப் புள்ள புரட்டாசியில வந்தா. வந்த அன்னிக்கே கீழ எறங்கிட்டா. என்ற தார்ப்பாய அவுத்துப்போட்டு அந்த மண்டையோட்டுப் போர்டத் தொடச்சு வெச்சா. அவ கையாலயே தொடச்சா, அதையும் சொல்லோணும். அப்பறம் ஆறுச்சாமியக் கூப்பிட்டு, நாளையிலிருந்து ஒரு மணிச் சங்கு கெடையாது, தண்ணி தொறக்கறப்ப மட்டுந்தான்னுட்டா. நான் நேராப் போயிக் கேட்டனுங்க. "ஏனம்மிணி, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறயே"ன்னேன். "சங்கு கேட்டா பயம் வரணும் அக்கா, பசி வரப்பிடாது"ங்கறா. பயந்தவன் எங்கிருந்துங்க மீன் திம்பான்?

கடையையும் மேல ஏத்தச் சொன்னா. ஏத்தறேன் ஏத்தறேன்னு நானும் நாளக் கடத்துனேன். தீவாளி முடிஞ்சு ஏத்தறேன்னேன். தீவாளி யாவாரத்த விட்டுப்போட்டு எவளாச்சும் கடையக் கெளப்புவாளா சார், நீங்களே சொல்லுங்க.

தீவாளி முடிஞ்ச ஞாயித்துக்கெழமை. கூட்டம்னா கூட்டம், முதலை வாயில பூந்தவன் வாலு வழியா வெளிய வர எடமில்ல. இங்க சுள்ளுனு வெயிலு. மலைக்கு மேல மட்டும் கருப்பா இருந்துச்சு, ராத்திரி முச்சூடும் அங்க கொட்டித் தீத்துருக்குது போல. நமக்கென்ன தெரியும்? நான் பாட்டுக்கு அடுப்பப் பத்த வெச்சு, பெரிய சட்டியில எண்ணெய ஊத்திக் காய வெச்சிருந்தேன். என்ற ஊட்டுக்காரரு மீன வெட்டிக் குடுத்துப்போட்டு அசந்து படுத்துட்டாரு. நாச்சிமுத்துன்னு பேரு, நல்ல மனுசன், வேலை முடிஞ்சா தூக்கம். பாறைக்கு அந்தப் பக்கமாப் பழைய பரிசலு ஒண்ணக் கவுத்துப் போட்டு, அதுக்குள்ள நெழலுல படுத்துக்குவாரு. ஒரு தடவ படுத்தாருன்னா பக்கத்துல வெடி வெச்சாலும் எந்திரிக்க மாட்டாரு.

அப்பத்தான் சங்கு ஊதுச்சு. மணி ஒண்ணெல்லாம் ஆகல, காத்தாலத்த பலகாரமே எவனுக்கும் செரிச்சிருக்காது. இருந்தாலும் சங்கு கேட்டு எத்தன நாளாச்சு. சனத்துக்கு மொகமெல்லாம் பல்லு. "அட, பழையபடி சங்கு வந்துருச்சு"ன்னு படியில எறங்கறான் பாருங்க, தேருக்கு வந்த மாதிரி. எனக்கும் மனசு குளுந்துருச்சு. பொம்பளப் புள்ளதான, நம்ம கஷ்டத்தப் பாத்து மனசு எளகிட்டா போலன்னு நெனச்சேன். நெனச்சு, நல்ல கட்லாவா ஒண்ணு எடுத்து அந்தப் புள்ளைக்குன்னு தனியா மசாலாத் தடவி வெச்சனுங்க. இதெல்லாம் அவளுக்கு எங்க தெரியும்?

மைக்கப் புடிச்சு, "சங்கு ஊதியாச்சு, அல்லாரும் பாறைக்கு வாங்க"ன்னேன். ரெண்டாஞ்சங்கு ஊதுச்சு. இன்னுங் கூட்டம் எறங்குச்சு. மூணாஞ்சங்கு ஊதுச்சு. பெஞ்சுல எடமில்லாம நின்னுக்கிட்டே வட்டல நீட்டறாங்க. ஆறுச்சாமி போன் போட்டானாமா. போட்டுக்கிட்டே இருந்தானாமா. அன்னிக்கு இருந்த கூட்டத்துல, பாட்டுச் சத்தத்துல, எவ போன எடுப்பா? போட்டவன் மேலயா தப்பு, எடுக்காதவ மேலயா தப்புன்னு கேட்டா, அந்த நேரத்துல சங்கு ஊதுனவ மேலதானுங்க தப்பு.

மேல அணைச் செவுத்துல நின்னு பாத்திருக்கறா அந்தப் புள்ள. சங்கு ஊதுனா சனம் மேல ஏறும்னு பாத்தா, அல்லாரும் கீழ எறங்கறாங்க. மேல நின்ன மத்த ஆளுங்ககிட்ட, ஷட்டரத் தொறக்காதீங்க, நான் கை காட்டுனாத்தான் தொறக்கோணும்னு சொல்லிப்போட்டு ஒரே ஓட்டமா ஓடியாந்துட்டா. செருப்பு ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம். ஆறுச்சாமி பின்னால ஓடியாறான். வந்து கத்தறா, "மேல ஏறுங்க, மேல ஏறுங்க, தண்ணி வருது"ங்கறா. எவன் கேப்பான்? காசு குடுத்துப்போட்டு ஒக்காந்திருக்கறான். குடும்பத்தோட வந்த ஒரு ஆளு, "மீனு வரட்டும்மா, தின்னுப்போட்டு ஏறறோம்"னான். எனக்குக் கூட சிரிப்பு வந்துருச்சு.

அந்தப் புள்ள என்ற சட்டிய ஒரு பார்வ பாத்தா. பாத்துப்போட்டு, பக்கத்துல இருந்தவங்களத் தள்ளி விட்டுட்டு, எட்டி ஒரே ஒதை. அத்தன எண்ணெயும் பாறையில ஓடுது சார். காஞ்ச எண்ணெ. அடுப்பும் சாஞ்சு போச்சு. மசாலாத் தடவுன மீனு இருந்த தட்ட எடுத்து ஆத்துல வீசிட்டா. அவளுக்குன்னு வெச்சிருந்த கட்லாவும் அதுல போச்சு. "மீனு இல்ல, ஒண்ணும் இல்ல, ஏறுங்க"ன்னா. மீனு இல்லைன்னதும் சனம் எந்திரிச்சிருச்சு. மொனகிக்கிட்டே ஏறிட்டாங்க. நான் கேக்காத கேள்வி கேட்டனுங்க அந்தப் புள்ளைய. இப்ப உங்க முன்னால சொல்ல முடியாது. அவ ஆத்தா அப்பன வரைக்கும் இழுத்துட்டேன்.

அவ, "அக்கா, இங்க வேற யாரும் உண்டா?"ன்னு மட்டும் கேட்டா. எனக்கிருந்த ஆத்தரத்துல, "ஒருத்தனும் இல்ல, அல்லாரையுந்தான் வெரட்டிப்போட்டயே"ன்னேன். என்ற மனுசன் நெனப்பே வரல. வருமுங்களா? சட்டிய ஒதைச்சுப்போட்டு ஒடனே கேள்வி கேட்டா எவளுக்கு எது ஞாபகம் வரும்? பொறுமையாக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், அந்தா பரிசலுக்குள்ள படுத்திருக்கறாரும்மான்னு. கேக்கற மொறையில கேக்கோணும்.

அந்தப் புள்ளதான் பாத்திருக்கறா, கவுத்துன பரிசலுக்கு வெளிய ஒரு காலு நீட்டிக்கிட்டிருக்கறத. ஓடிப் போயி பரிசலத் தூக்கறா, மனுசன் கொறட்டை விடறாரு. ஆறுச்சாமி ஒரு கையி, அவ ஒரு கையி, தரதரன்னு இழுத்தாங்க. எழுப்பறதுக்கு நேரமில்ல. நான் அப்பத்தான் அணையத் திரும்பிப் பாத்தேன். ஷட்டரத் தொறக்கவே இல்லீங்க, அதுக்குள்ள தண்ணி மேல வழிய ஆரம்பிச்சிருச்சு. பச்சைத் தண்ணியில்ல, செங்கலு நெறம். மரக்கெளையும் குப்பையும் உருட்டிக்கிட்டு வந்துச்சு.

நாங்க படியில பாதி ஏறல, கீழ்ப்படி மறஞ்சு போச்சு. பரிசலு ஒரு சுத்து சுத்திப் போயிருச்சு. பெஞ்சு போச்சு, மைக்செட்டு போச்சு, தார்ப்பாயி போச்சு. யானப்பாறை இருந்த எடமே தெரியல. என்ற ஊட்டுக்காரரு மேல் படியில ஒக்காந்துக்கிட்டு, அவரு படுத்திருந்த எடத்தையே பாக்கறாரு. அங்க தண்ணிதான் ஓடுது. நான் சும்மா சொல்லக் கூடாது சார், அவரு சட்டையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு அழுதேன். முப்பது வருசம் திட்டிக்கிட்டே குடும்பம் நடத்துன மனுசன், இல்லாமப் போயிருந்தா நான் ஆரத் திட்டுவேன்? அந்தப் புள்ளையும் அங்கயே நின்னா, அவ காலுல எண்ணெ தெறிச்சு கொப்புளிச்சிருந்துச்சு.

அப்பறந்தான் சட்டி நெனப்பு வந்துச்சு. நல்ல இரும்புச் சட்டிங்க. இப்ப அந்த மாதிரி கெடைக்கறதில்ல.

விடுவனா நான்? யாவாரிங்க அல்லாரையும் கூட்டி வெச்சு மனு எழுதுனோம். பொம்பளைன்னும் பாக்காம கடைய ஒதைச்சா, பண்டத்த ஆத்துல போட்டான்னு எழுதுனோம். அல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. என்ற ஊட்டுக்காரருகிட்ட நீட்டுனா, கையக் கழுவிக்கிட்டு வாறேன்னு போனவரு, பொழுது சாஞ்சுதான் வந்தாரு. கையி அப்பவும் கழுவாமத்தான் இருந்துச்சு. இருந்தாலும் மனு போச்சு, அந்தப் புள்ளைக்கு மாத்தலு வந்துருச்சு. ப்ரமோசன்ல போறான்னு ஆறுச்சாமி சொல்றான். அதெல்லாம் சும்மாங்க, மானம் போயிரக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிக்கறது. நம்ம மனுவுலதான் போனது.

போற அன்னிக்கு இந்த மனுசன் என்ன பண்ணியிருக்கறாரு தெரியுமுங்களா? எனக்குத் தெரியாம முழுக் கட்லா ஒண்ணக் கழுவி, மசாலாத் தடவி, எலையில சுத்தி, அந்தப் புள்ள பையில வெச்சு அனுப்பியிருக்கறாரு. பச்சை மீனு. நாகர்கோயிலு போயிச் சேர்றதுக்குள்ள பஸ்ஸுல இருந்தவனெல்லாம் எறங்கி ஓடியிருப்பான். அவரு இப்ப ஒரு மாதிரிதானுங்க. ரோட்டுல ஆம்புலன்சு போனாக்கூட எந்திரிச்சு அணை மேல ஏறி நின்னுக்கறாரு. ஆத்துப் பக்கம் தலை வெச்சே படுக்கறதில்ல.

சரி, அது போகட்டும். நம்ம விசயத்துக்கு வாங்க. இந்த மேட்டுல பஸ் ஸ்டாண்டு ஓரமாக் கடை போட்டா எவன் சார் வருவான்? தண்ணியில கால் நனைக்காம மீன் தின்னா அது என்ன மீனு? கீழ பாறையில திரும்பக் கடை போடறதுக்கு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். சங்க ஒரு மணிக்கு மாத்திவிட்டுருங்க. அல்லாருக்கும் நல்லது.

என்ன கேக்கறீங்க? கீழ ஆரு ஒக்காருவாங்கன்னா?

அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டனுங்க. வடக்கத்திக்காரன் ஒருத்தன் வேலை கேட்டுக்கிட்டு வந்தான். நல்ல ஒடம்பு, நீச்சலும் தெரியும்கறான். நம்ம பேச்சுத்தான் ஒரு எழுத்தும் புரியாது. சங்குன்னா என்னன்னும் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான், பயந்துக்கிட்டு கடையப் போட்டுட்டு ஓட மாட்டான். கீழ அவன் பொரிக்கட்டும், நான் மேல இருந்து மசாலாத் தடவிக் குடுத்தனுப்பறேன். என்ற ஊட்டுக்காரரு மேலயே வெட்டித் தரட்டும். எங்களுக்கு இந்தக் காத்தே போதும்.

ஆமாங்க, அவ்வளவுதான். கையெழுத்துப் போடறீங்களா? நல்லா இருப்பீங்க சார். மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன். ஏ, சாருக்கு இன்னொரு துண்டு வெய்யி, பெரிசா வெய்யி.

என்ன, ஒரு கண்டிசனா? சொல்லுங்க.

நானா?

நானும் அவருமா? ஐப்பசி, கார்த்திகையிலயுமா? கடை தொறந்ததுலயிருந்து சாத்தற வரைக்கும், அந்தப் பாறை மேலயேவா?

ஏனுங்க சார், வெளையாடறீங்களா? மலையில எப்ப மழை பேயும், தண்ணி எப்ப வரும்னு ஆருக்குத் தெரியும்? அந்த மனுசன் ஒரு காலு வெளிய நீட்டாம இருந்திருந்தா இன்னிக்கு நான் இருக்கற கோலமே வேற. அங்க போயி எங்கள ஒக்காரச் சொல்றீங்களே, நீங்க படிச்சவருதானுங்களா? மீன வெய்யிங்க கீழ. திங்க வேண்டாம். அந்தப் புள்ள கெட்ட புள்ளதானுங்க, நான் இல்லைங்கல. ஆனா அவகூட எங்கள மேல ஏறுன்னுதானுங்க சொன்னா.